மூலையில் வைத்த மஞ்சள்

பெட்ரோல் பங்கில் மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று வண்டியை விட்டு இறங்கிப் பார்க்கிற ஆள் நான். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மருந்துக் கடைக்காரரிடம் இன்னொரு தடவை கேட்பேன். அவர் சொன்னது சரியா என்று வெளியே வந்து நாலு பேரிடம் கேட்பேன். ஓமானில் சோஹார் என்கிற ஊரில், எங்கள் கம்பெனி ஸ்டோரில் என் வேலை நிலைத்ததே இந்தக் குணத்தால்தான். பெட்டி மேல் என்ன எழுதியிருந்தாலும் பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். சரக்கு கொண்டுவரும் டிரைவர்கள் என்னைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இது பிறவிக் குணமல்ல, பட்டு வந்தது. முதன்முதலில் வெளிநாட்டுக்குக் கிளம்பியபோது திருச்சியில் ஒரு ஏஜெண்ட் எனக்கு விசா வாங்கிக் கொடுத்தான். அதில் இல்லாத முத்திரையே கிடையாது. பச்சையில் ஒன்று, சிவப்பில் ஒன்று, நடுவில் பொன் நிறத்தில் ஒரு கழுகு. பக்கத்துத் தெருக்காரர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். விமான நிலையத்தில் இருந்த அதிகாரி அந்தக் கழுகை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. காகிதத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "வீட்டுக்குப் போப்பா" என்றார். ஊறுகாய் பாட்டிலோடு போனவன் ஊறுகாய் பாட்டிலோடு திரும்பி வந்தேன்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். வயிறு இருக்கிறதே, நான் மறுபடி விசா எடுத்து ஓமானுக்கு வந்து சேர்ந்தேன். ஆனால் ஒரு வேடிக்கை நடந்தது. முத்திரையால் ஏமாந்தவன் முத்திரையை வெறுக்க வேண்டுமா இல்லையா? எனக்கு நேர் எதிராக ஆகிவிட்டது. அது போலி முத்திரை என்றால் நிஜ முத்திரை என்று எங்கோ ஒன்று இருக்கிறது, அதைக் கையில் பிடித்துக்கொண்டால் நம்மை யாரும் அசைக்க முடியாது என்று புத்தி முடிவு கட்டிவிட்டது. தடவினால் மேடு தட்டுப்பட வேண்டும். நகத்தால் சுரண்டினால் மை பெயரக்கூடாது. எந்தக் காகிதம் வந்தாலும் இந்த இரண்டு சோதனையும் செய்துவிட்டுத்தான் படிக்கவே ஆரம்பிப்பேன்.

சில வருடங்களுக்கு முன் ஸ்டோர் முழுவதும் என் பொறுப்புக்கு வந்தது. மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ளலாம் என்று கம்பெனி கடிதம் கொடுத்தது. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் ஒரே வீட்டில் இருந்ததெல்லாம் என் லீவு நாட்களில்தான். மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவளுக்குத் தெரிந்த அப்பா ஃபோனில் வருகிறவர். நான் பேச உட்காரும் இடத்துக்குப் பின்னால் ஒரு நீல நிற இரும்புக் கட்டில் தெரியும், மேலே ஒருவர் கீழே ஒருவர் படுக்கிற அடுக்குக் கட்டில். அவள் அப்பாவைப் படம் வரைந்தால் அந்தக் கட்டிலையும் சேர்த்துத்தான் வரைவாள். ஒரு படத்தில் கட்டில் மட்டும் இருந்தது, நான் இல்லை. 

கடிதம் கொடுத்த மானேஜர் போகப்போகிறார், வரப்போகிறவர் கறார் ஆள் என்று நாங்கள் தங்கியிருந்த கேம்பில் பேச்சு அடிபட்டது. அதற்குள் விசா எடுத்தாக வேண்டும். விசாவுக்குக் கல்யாணச் சான்றிதழ் வேண்டும். அதைப் போன லீவிலேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வாங்கியிருந்தோம். கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டுகிற ஃபோட்டோ, சாட்சிக்கு ஆட்கள் என்று எல்லாம் கொடுத்து வாங்கியது. ஆனால் அதை ஓமான் ஒத்துக்கொள்ள வேண்டுமென்றால், 'ஆமாம், இது எங்கள் நாட்டில் கொடுத்ததுதான்' என்று நம் அரசாங்கம் அதற்கு மேல் ஒரு சான்று தர வேண்டும். அந்தச் சான்றைத்தான் இப்போது கம்ப்யூட்டரிலேயே கொடுக்கிறார்களாம். மனைவி இ-சேவை மையத்துக்கு நடையாய் நடந்தாள். நான் இங்கிருந்து விசாரணை நடத்தினேன்.

"ஒரிஜினலை எவன் கையில குடுத்த?"

"யார் கையிலயும் குடுக்கலைங்க. ஒரிஜினல் பீரோவுல இருக்கு. அவங்களே ஆன்லைன்ல பாத்துக்குறாங்க."

"பேப்பரைப் பாக்காமலே சீல் வைக்கிறானா?"

"சீலே கிடையாதுங்க. ஓரத்துல கறுப்பா ஒரு கட்டம் வருமாம். ஃபோனைக் காட்டுனா உண்மைன்னு சொல்லுமாம்."

"யாரு ஃபோனை?"

"யாரு ஃபோனை வேணும்னாலும்."

யார் ஃபோனைக் காட்டினாலும் உண்மை என்று சொல்கிற கட்டத்தை நான் எப்படி நம்புவது? எல்லோரிடமும் பல்லைக் காட்டுகிற ஆளை நாம் நம்புவோமா? அவள் கணவன் பெயர், அப்பா பெயர் என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டிருந்த நாட்களில், நான் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கேள்வி வைத்திருந்தேன். அந்த மையத்தில் இருப்பவன் யார், எந்த ஊர், நம்முடைய ஆதாரை நகல் எடுத்து வைத்துக்கொண்டானா, நீ கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் யார் நின்றார்கள். அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள். சில நாள் பதிலுக்கு முன்னால் சின்னதாக ஒரு மௌனம் இருக்கும். சிக்னல் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு மத்தியானம் சந்தோஷக் குரலில் பேசினாள். சான்று வந்துவிட்டது, லிங்க் அனுப்பியிருக்கிறேன் என்றாள். அந்த வாரம்தான் எங்கள் கேம்பில் ஒருவர், பார்சல் வந்திருக்கிறது என்று வந்த லிங்கைத் தொட்டுவிட்டுச் சம்பளத்தைப் பறிகொடுத்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் மனைவி அனுப்பியதைத் தொடவில்லை. தொடாததோடு, தவறிக்கூட விரல் படக்கூடாது என்று அழித்தும் விட்டேன்.

"வாட்ஸப்புல வந்த கல்யாணத்தை எந்த அரபி நம்புவான்?" என்றேன். "கலர் பிரிண்ட் போட்டு, லீவு முடிஞ்சு வர்ற ஆள் கையில குடுத்து விடு."

இங்கே இருக்கிறவர்களுக்குத் தபாலைவிட நம்பிக்கை, லீவு முடிந்து வருகிற ஆள்தான். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அப்போது கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் கொண்டுவந்த பையில் முறுக்கு டின் இருந்தது, எலுமிச்சை ஊறுகாய் இருந்தது, நடுவில் பிளாஸ்டிக் கவரில் அந்தக் காகிதம் இருந்தது. நான் முறுக்கைத் தொடவில்லை. கவரின் ஒட்டு பிரிந்து ஒட்டப்பட்டிருக்கிறதா என்று ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். பாவம், கொண்டுவந்தவர் டீ கேட்கலாமா வேண்டாமா என்று நின்றார்.

காகிதத்தை வெளியே எடுத்தேன். கெட்டியான தாள். தடவினேன், மேடு இல்லை. சுரண்டிப் பார்க்கப் பயமாக இருந்தது. என் பெயர், அவள் பெயர், கீழே வலது மூலையில் அந்தக் கறுப்புக் கட்டம். நாலு மூலையிலும் மஞ்சள் வைத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையோ, நிலப் பத்திரமோ, புதிதாக எது வந்தாலும் நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்துச் சாமி முன்னால் வைத்துவிட்டுத்தான் எடுப்பது. அந்த மஞ்சளைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது ஒரு பத்திரம் மாதிரியே தோன்றியது. முகர்ந்து பார்த்தேன். எங்கள் வீட்டு சாமி அலமாரி வாசனை வந்தது.

கம்பெனியில் அரசாங்க வேலைகளுக்கு அலைகிறவரை இங்கே மந்தூப் என்பார்கள். எங்கள் மந்தூப் ஒரு ஓமானி, சிரித்த முகம். அந்தச் சிரிப்பின் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு. விசா அலுவலக வாசலில் அவர் என் கவரைப் பார்த்துவிட்டு, "பேப்பர் கியோன் பாய்? மொபைல் மே மாஃபி?" என்றார். ஃபோனில் இல்லையா என்கிறார். காகிதம் சுமக்கச் சோம்பல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "யே ஒரிஜினல்" என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி கருவியை அந்தக் கட்டத்தின் மேல் காட்டினார். ஒன்றும் வரவில்லை. காகிதத்தைத் திருப்பினார், சாய்த்தார், துடைத்தார், மறுபடி காட்டினார். தன் ஃபோனை எடுத்துக் காட்டினார். அதுவும் பேசவில்லை. பிறகு காகிதத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஸ்டோரில் நான் டிரைவர்களைப் பார்க்கிற அதே பார்வை.

"இது எங்கிருந்து வந்தது, யார் செய்தது என்று கேட்கிறார்" என்று மந்தூப் இந்தியில் சொன்னார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

 போலிப் பத்திரம் கொடுத்தவன் என்று ஒரு வார்த்தை என் பெயருக்கு நேரே ஏறினால் குடும்ப விசா இருக்கட்டும், என் விசாவும் போகும். ஏதேதோ உளறினேன். அந்த அம்மா காகிதத்தை ஜன்னலுக்கு அடியில் தள்ளிவிட்டு, வேலை செய்கிற மாதிரி இன்னொன்று கொண்டு வா, கலாஸ், அவ்வளவுதான் என்றார். இன்னொன்றா? கல்யாணம் ஒன்று, பத்திரம் ஒன்று, இன்னொன்றுக்கு எங்கே போவது? "வீட்டுக்குப் போப்பா" என்று அன்றைக்குக் கேட்ட குரல் காதில் திரும்பவும் கேட்டது.

வெளியே வந்து வெயிலில் நின்றுகொண்டே மனைவிக்கு ஃபோன் போட்டேன். எப்படி இருக்கிறாய், பிள்ளை சாப்பிட்டாளா, எதுவும் இல்லை.

"எவன்கிட்ட ஏமாந்த?" என்று கத்தினேன்.

"என்னங்க?"

"போலியை வாங்கி அனுப்பியிருக்க. எவன் சிரிச்சுப் பேசி உன் கையில இதைக் குடுத்தான்? அதைச் சொல்லு முதல்ல."

அந்தச் சின்ன மௌனம் வந்தது. இந்தத் தடவை அது சிக்னல் இல்லை என்று எனக்கே தெரிந்தது. ஃபோனை வைத்துவிட்டாள். திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. சாயந்திரம் மகளோடு பேசுகிற நேரத்துக்கு அடித்தேன், அதையும் எடுக்கவில்லை.

என் ரூமில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார், ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் வேலை. வாய் கொஞ்சம் நீளம். நான் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு நீலக் கட்டிலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

"அண்ணை, உந்த மூலையிலை மஞ்சள் பூசினது ஆர்?"

"வீட்டுலதான். நல்ல காரியம்னா வைக்கிறதுதானே."

"வைக்கிறதுதான். எங்கட வீட்டிலையும் வைப்பினம். ஆனா நீங்கள் அதின்ரை கண்ணிலை எல்லே அப்பி வைச்சிருக்கிறியள்! மையும் கரைஞ்சு போச்சு. உது எப்பிடி வாசிக்கும்?"

பார்த்தேன். மஞ்சளுக்கு அடியில் அந்தக் கறுப்புக் கட்டம் பாதி கரைந்து, ஓரமெல்லாம் ஊறிப் போயிருந்தது. ஏஜெண்ட், இ-சேவை மையத்து ஆள், முறுக்கு கொண்டுவந்தவர், மந்தூப் என்று உலகத்தில் ஒருவரை விடாமல் சந்தேகப்பட்டவன், மஞ்சளை மட்டும் சந்தேகப்படவில்லை. எங்கள் ஊரில் யாரும் படமாட்டார்கள்.

"ஒரிஜினல் போச்சே" என்றேன்.

"ஒறிஜினல் எண்டு பேப்பர் ஒண்டும் இல்லை அண்ணை. அந்த லிங்கிலை கிடக்கிறதுதான் ஒறிஜினல். நூறு பிரிண்ட் எடுக்கலாம். எங்கை லிங்க்? எடுங்கோ."

அதைத்தான் நான் அன்றைக்கே அழித்துவிட்டிருந்தேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை கேட்டிருக்கிறேன். வெண்ணெயைச் சாக்கடையில் கொட்டிவிட்டு அலைந்தவன் நான் ஒருவன்தான். அந்த லிங்க் இருக்கிற ஒரே ஆள் என் மனைவி. அவள் ஃபோனை எடுக்கமாட்டேன் என்கிறாள்.

அந்த மூலையை ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். மஞ்சளால் வந்தது, போலி இல்லை, என்று கீழே எழுதினேன். மறுநாள் நான் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது அவள் குரலில் ஒரு செய்தி வந்தது. சரக்கு அடுக்குகிற ராக்குகளுக்கு நடுவில் போய் நின்று கேட்டேன்.

"மஞ்சள் வச்சது நான்தான். நம்மளப் புருஷன் பொண்டாட்டின்னு சொல்ற பேப்பர் இந்த வீட்டுல அந்தக் கல்யாணப் பேப்பர் ஒண்ணுதான். கரண்ட் பில்லு மாமா பேர்ல இருக்கு. ரேஷன் கார்டுல நீங்க இல்ல. அதான் சாமி முன்னாடி வச்சு எடுத்தேன். கட்டத்து மேல படக்கூடாதுன்னு எனக்குத் தெரியல. ஆனா ஒண்ணு கேக்கணும். எவன்கிட்ட ஏமாந்தன்னு கேட்டீங்கள்ல? இத்தனை நாளா நீங்க பேப்பரைத்தான் சந்தேகப்படுறீங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். பேப்பரையா, என்னையா? என்னைன்னா விசா எதுக்கு? அங்க வந்து தெனமும் சீல் காட்டிக்கிட்டு நிக்க என்னால முடியாது. லிங்க் திரும்ப அனுப்பியிருக்கேன். தொடுறதும் தொடாததும் உங்க இஷ்டம். வர்றதா வேண்டாமான்னு நானும் யோசிக்கிறேன்."

இரண்டாவது தடவை கேட்டேன். வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது. மானேஜர் மாறினால்கூட இன்னொரு மானேஜரின் காலைப் பிடிக்கலாம். இவள் மனசு மாறினால் எந்த அலுவலகத்தில் போய் நிற்பேன்?

லிங்கைத் தொட்டேன்.  என் கணக்கு காலியாகவில்லை, ஃபோன் வெடிக்கவில்லை. எங்கள் இரண்டு பேர் பெயரும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகத் திறந்தது. 'தொட்டுட்டேன்' என்று எழுதி அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

மறுபடி அதே ஜன்னல், அதே அம்மா. இந்தத் தடவை ஃபோனை நீட்டினேன். கருவியைக் காட்டிய மாத்திரத்தில் அவருடைய திரையில் பச்சையாக ஒரு டிக் வந்தது. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மந்தூப் என் முதுகில் தட்டினார். எனக்கு ஏனோ சந்தோஷம் வரவில்லை. இந்தப் பத்திரம் நம் நாட்டு அலுவலகம் கொடுத்ததுதான் என்று மட்டும்தான் அந்த டிக் சொன்னது. நாங்கள் புருஷன் பொண்டாட்டியா என்பது அதற்குத் தெரியாது. தெரிந்தவள் பேசாமல் இருந்தாள்.

மானேஜர் போவதற்கு முன்பே விசா வந்துவிட்டது. காகிதம் இல்லை, முத்திரை இல்லை, கழுகு இல்லை. அதுவும் ஒரு லிங்க்தான். வேறு வழியில்லாமல் அதை அப்படியே அவளுக்கு அனுப்பினேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பதில் வந்தது.

"எவன்கிட்ட வாங்குனீங்க?"

நான் சிரித்ததைப் பார்த்து யாழ்ப்பாணத்துக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். வருகிறேன் என்று அவள் எழுதவில்லை. ஆனால் ஒரு நாள் விட்டு ஒரு ஃபோட்டோ வந்தது. திறந்து வைத்த சூட்கேசுக்குள் மகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர்கள் வந்த அன்று கம்பெனி பிக்கப்பை எடுத்துக்கொண்டு மஸ்கட் விமான நிலையத்துக்குப் போனேன். விமானம் இறங்கிவிட்டது என்று பலகை சொன்னது. நான் பலகையை நம்பவில்லை. கூட வந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்துகொண்டே இருந்தார்கள், இவர்களைக் காணோம். உள்ளே யாரோ காகிதத்தைத் தள்ளி வைத்துவிட்டு வீட்டுக்குப் போம்மா என்று சொல்லிவிட்டான் என்றே முடிவு செய்துவிட்டேன். அப்போதுதான் தள்ளுவண்டியின் மேல் பாதி முகம் தெரிய மனைவி வந்தாள். கையில் ஒரு ஃபைல். மகளின் பிறப்புச் சான்றிதழ் மேலாகத் தெரிந்தது. அதில் மூன்று மூலையில் மட்டும் மஞ்சள் இருந்தது.

மகள் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கைகளை நீட்டிக்கொண்டு குனிந்தேன். அவள் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், பிறகு எட்டி என் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள்.

"கட்டில் எங்க?" என்றாள்.

"எது பாப்பா?"

"ஃபோன் அப்பாவுக்குப் பின்னாடி நீலக் கட்டில் இருக்கும்."

 கட்டில் சோஹாரில் இருக்கிறது என்றால் நம்புகிற முகமாக அது இல்லை. அச்சு அசல் என் முகம். நீட்டிய கையோடு அப்படியே நின்றேன். வருகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மகள் அண்ணாந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். அவசரப்படவில்லை. மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தாள். 

"அப்பாதான்" என்றாள் மகளிடம். "போ."

அதற்குப் பிறகுதான் பிள்ளை வண்டியை விட்டுக் கையை எடுத்தாள்.